செத்த காலேஜில் சொன்ன பொய்

எனக்குச் சந்தேகப் புத்தி. மற்றவர்கள் சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். பால்காரர் ஊற்றும்போது அளவுக் குவளையின் அடி நசுங்கியிருக்கிறதா என்று குனிந்து பார்ப்பேன். காய்கறிக்காரர் தராசைத் தூக்கினால் என் கண் காயில் இருக்காது, அவர் விரலில் இருக்கும். தாம்பரத்தில் ஒரு டைப்பிங் இன்ஸ்டிட்யூட்டில் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். நாள் முழுக்க அடுத்தவர் தப்பைத் தேடுவதற்கே சம்பளம் வாங்கியவள். "ஒனக்கு யாரப் பாத்தாலும் திருடனாத்தான்டி தெரியும்" என்பாள் அத்தை. அப்பாவின் அக்கா. நான் பெற்ற அப்பனையே அந்தக் கணக்கில் சேர்த்து வைத்திருந்தேன் என்பது மட்டும் அவளுக்குத் தெரியாது.

எங்கள் ஊர் செம்பாக்கம் ஏரிக்கு அந்தப் பக்கம். எண்பதுகளின் கடைசியில் அதை ஊர் என்று சொல்வதா, நகர் என்று சொல்வதா என்று யாருக்கும் தெரியவில்லை. நெல் விளைந்த இடத்தில் மனைக்கல் நட்டுக்கொண்டிருந்தார்கள். பழைய குடும்பங்கள் ஐம்பது அறுபது இருக்கும். எல்லோரையும் ஒன்றாகக் கட்டி வைத்திருந்தது ஊர் அம்மன் கோயில் ஒன்றுதான். அதற்கு அப்பா தர்மகர்த்தா. அம்மா இறந்த பிறகு அவருக்கு வீடு என்று இருந்ததே அந்தக் கோயில்தான் என்று சொல்ல வேண்டும்.

கோயிலில் இரண்டு அம்மன். கருவறையில் கல்லில் இருப்பவள் அசைய மாட்டாள். ஆடி மாதம் பல்லக்கில் ஏறி ஏரிக்கரையைச் சுற்றி வீடு வீடாக வருகிறவள் ஐம்பொன் அம்மன், ஒரு முழத்துக்குக் கொஞ்சம் அதிகம் இருப்பாள். இந்த ஐம்பொன் அம்மனின் உடம்பை எங்கள் ஊரில் யாரும் பார்த்ததில்லை. முகம் தெரியும், இரண்டு கைகள் தெரியும், அவ்வளவுதான். கழுத்திலிருந்து கீழே ஒரு மஞ்சள் துணி இறுக்கிச் சுற்றியிருக்கும். அதன் மேல்தான் பட்டு, பூ, நகை எல்லாம். வெள்ளிக்கிழமை தோறும் பூசாரியின் மனைவி திரையைப் போட்டுக்கொண்டு துணி மாற்றுவாள். கல்யாணமாகாத ஒரு பெண் விளக்குப் பிடிக்க உள்ளே போகலாம். ஆண்கள், பூசாரி உட்பட, படியிறங்கி வெளியே நிற்க வேண்டும். உள்ளே போகிற பெண்களும் பார்ப்பதில்லை. புதுத் துணியை மேலே சுற்றி முடிச்சுப் போட்டுவிட்டு, பழைய துணியை அடியிலிருந்து உருவி எடுப்பார்கள். பெண் தெய்வம் அல்லவா, ஒரு நொடிகூட அவள் வெறும் உடம்போடு இருக்கக் கூடாது.

ஐந்து வருஷத்துக்கு முன்னால் பல்லக்கு சரிந்து அம்மனின் இடது கைச் சுண்டுவிரல் ஒடிந்துவிட்டது. பீடமும் ஆட்டம் கண்டிருந்தது. அப்பா அவளைத் தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு ஸ்தபதியிடம் எடுத்துக்கொண்டு போனார். எட்டு நாள் கழித்துத் திரும்பக் கொண்டுவந்தார். விரல் ஒட்டவைத்த இடமே தெரியவில்லை. ஊரே மெச்சியது. அடுத்த வருஷம் எங்கள் வீட்டு ஓட்டைப் பிரித்துவிட்டு மெத்தை, அதாவது தளம், போட்டோம். வயலில் ஒரு துண்டு விற்றுத்தான் போட்டோம் என்று எனக்கே தெரியும், பத்திரத்தையே நான் படித்திருக்கிறேன். அப்போதைக்கு எனக்கு எந்தச் சந்தேகமும் வரவில்லை.

வந்தது பிறகுதான். ஒருநாள் அப்பாவின் வேட்டிகளை அடுக்குவதற்காக அவர் டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். அடியில் பேப்பர் துண்டுகள். கத்தரிக்கோலால் ஓரம் பிசகாமல் வெட்டி, மடித்து, ஒரு ரப்பர் பேண்டு போட்டிருந்தார். எல்லாம் சிலைத் திருட்டுச் செய்திகள். அந்த ஊரில் சாமி காணோம், இந்த ஊரில் போலிச் சிலை வைத்துவிட்டு அசலைக் கடத்திவிட்டார்கள், வெளிநாட்டில் கண்டுபிடித்தார்கள். சில இடங்களில் பேனாவால் கோடு வேறு. ராசிபலன்கூடப் படிக்காத மனுஷன் இதை எதற்காக வெட்டி வைக்க வேண்டும்? நான் பெட்டியை மூடினேன். மெத்தை வீட்டைச் சுற்றிப் பார்த்தேன்.

அதற்கப்புறம் அவர் செய்வதெல்லாம் எனக்கு வேறு மாதிரி தெரிய ஆரம்பித்தது. கோயிலில் ஐம்பொன் அம்மன் முன்னால் அவர் அதிக நேரம் நிற்பதில்லை. கல் அம்மனைக் கும்பிட்டுவிட்டு நகர்ந்துவிடுவார். திருவிழாவில் பல்லக்கு எங்கள் வாசலில் நின்றபோது தட்டை என்னிடம் கொடுத்துவிட்டுப் பின்னால் போய் நின்றார். ஒவ்வொன்றையும் நான் குறித்துக்கொண்டேன்.

அந்த நேரத்தில்தான் ஊர்க்கூட்டத்தில் எழுந்து, இந்த வருஷம் எல்லோரும் சேர்ந்து ஒருநாள் டூர் போகலாம் என்றார். ஜனங்களுக்குச் சந்தோஷம். மேல்மருவத்தூரா, திருப்பதியா என்று கேட்டார்கள். "எழும்பூர் மியூசியம்" என்றார் அப்பா.

எங்கள் பக்கத்தில் பெரியவர்கள் மிருகக்காட்சி சாலையை உயிர் காலேஜ் என்றும், அந்த மியூசியத்தைச் செத்த காலேஜ் என்றும் சொல்வார்கள். உயிர் காலேஜே ஊரை விட்டு வண்டலூருக்கு, எங்கள் வீட்டுப் பக்கத்துக்கே வந்துவிட்டது.

"கைக்கெட்ற தூரத்துல உயிர் காலேஜ் கீது, அத்த வுட்டுட்டு செத்த காலேஜிக்கு எதுக்குப்பா பஸ் வெச்சிகினு போறது?" என்று கேட்டார் பெயிண்ட் கடைக்காரர். அவர் எங்களுக்குப் பங்காளி, எனக்கு அண்ணன் முறை. தர்மகர்த்தா பதவிக்கு அப்பாவோடு போட்டி போட்டுத் தோற்றவர்.

"பழைய சாமியெல்லாம் அங்கதான் இருக்கு. ஒருதடவ எல்லாரும் பாக்கணும். கைடுகூட ஏற்பாடு பண்ணிட்டேன்" என்றார் அப்பா.

கைடு ஏற்பாடு செய்வதற்காக அவர் இரண்டு தரம் மின்சார ரயில் ஏறி எழும்பூர் போய் வந்திருக்கிறார் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. என்னிடம் ஜமீன் பல்லாவரம் சந்தைக்குப் போவதாகச் சொல்லியிருந்தார். சந்தைக்குப் போனவர் வெறும் கையோடு வந்தபோதே எனக்கு உறுத்தியது. அதோடு விடவில்லை. "நீ கண்டிப்பா வரணும், லீவு போடு" என்றார். பரீட்சை நேரம், பிள்ளைகளுக்குத் தட்டச்சுத் தேர்வு, லீவு கிடைக்காது என்றேன். அப்பா வாழ்க்கையில் என்னை எதற்கும் கெஞ்சியதில்லை. அன்று கெஞ்சினார். எனக்குப் பயமாகவே இருந்தது.

பஸ் காலையில் கிளம்பியது. அத்தை எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, மடியில் புளிசாதத் தூக்கை வைத்துக்கொண்டு, குரோம்பேட்டை வருவதற்குள் மூடியைத் திறந்துவிட்டாள். முன் சீட்டில் பூசாரியின் மனைவி. அவளை நாங்கள் பூசாரி அக்கா என்போம், என்னைவிட இரண்டு வயதுதான் பெரியவள். அம்மன் ரிப்பேருக்குப் போய் வந்த பிறகு கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தவள், அதிகம் பேச மாட்டாள். பெயிண்ட் கடை அண்ணன் கடைசி சீட்டில் நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு சிரித்துக்கொண்டே வந்தார். அப்பா டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவர் பின்கழுத்தையே பார்த்துக்கொண்டு போனேன். திருடனின் கழுத்து மாதிரி இல்லை. ஆனால் எந்தத் திருடனுக்குத்தான் கழுத்தில் எழுதி ஒட்டியிருக்கிறது?

மியூசியத்தின் சிவப்புக் கட்டடங்களைப் பார்த்ததும் ஜனங்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். கைடு ஒல்லியான மனுஷர், சட்டைப் பையில் இரண்டு பேனா. முதலில் கல் சிலைகள், பெரிய பெரிய தூண்கள், எலும்புக்கூடுகள் என்று கூட்டிக்கொண்டு போனார். திமிங்கல எலும்பைப் பார்த்து அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டாள். கைடு சொல்லும் ஒவ்வொரு வருஷத்தையும் நான் நம்பவில்லை. ஆயிரம் வருஷம், ஆயிரத்து இருநூறு வருஷம் என்று வாய் கூசாமல் அடித்துவிடுகிறாரே, பக்கத்தில் இருந்து பார்த்தாரா என்று நினைத்தேன்.

கடைசியில் உலோகச் சிலைகள் இருக்கும் கட்டடம். வாசலுக்கு வந்ததும் எங்கள் ஆட்கள், யாரும் சொல்லாமலே, செருப்பைக் கழற்றினார்கள். ஐம்பது ஜோடிச் செருப்பு வாசலில் குவிந்துவிட்டது. "இங்கெல்லாம் செருப்பு போட்டுக்கலாம்மா" என்று கைடு கத்தினார். யாரும் காதில் வாங்கவில்லை. உள்ளே போனோம்.

உள்ளே போன வேகத்திலேயே ஆண்கள் திரும்பிக்கொண்டார்கள். கேலிக்குச் சொல்லவில்லை. கண்ணாடிப் பெட்டிகளுக்குள் வரிசையாக அம்மன்கள், ஒருத்தி மேலும் துணி இல்லை. இடுப்பு வளைவு, மார்பு, நகை எல்லாம் விளக்கு வெளிச்சத்தில் பளபளக்கிறது. எங்கள் ஊர் ஆண்பிள்ளைகள் சுவரைப் பார்த்துக்கொண்டும், உத்தரத்தைப் பார்த்துக்கொண்டும் நின்றார்கள். சினிமா போஸ்டர் முன்னால் மணிக்கணக்கில் நிற்கிறவர்கள். அத்தை தோளில் இருந்த துண்டை எடுத்துக் கண்ணாடி மேல் போர்த்தப் போனாள். காவலாளி ஓடி வந்தார்.

"தாயாருக்கு ஒரு முழம் துணி போட வக்கில்லையா உங்களுக்கு?" என்று அவரிடம் சண்டை பிடித்தாள்.

கைடு பாவம், இப்படி ஒரு கூட்டத்தை அவர் பார்த்திருக்க மாட்டார். முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்பவர்களுக்குச் சிலையின் அழகை விளக்கிக்கொண்டிருந்தார். ஒரே ஒருத்தர்தான் அவர் அருகில் போய் நின்றார். அப்பா. அவரும் சிலையைப் பார்க்கவில்லை. கைடின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், ஒரு சிலை பழசா, புதுசா பண்ணதான்னு எப்படி சார் கண்டுபுடிக்கறது?"

கைடுக்குச் சந்தோஷம், கேள்வி கேட்க ஒரு ஆள் கிடைத்துவிட்டார். "நல்ல ஆசாரி அச்சு அசலா செஞ்சுடுவான். பச்சைக் களிம்புகூட ஏத்திடுவான். ஆனா தேய்மானத்தச் செய்ய முடியாது" என்றார். "பாருங்க, கையும் துணியும் எண்ணெயும் வருஷக்கணக்கா ஒரே இடத்துல பட்டா உலோகம் குழியும். விரல் வெச்சா வழுக்கும், ஓரமே தெரியாது. போலி செய்யறவன் அரத்தால ராவித்தான் தேய்ப்பான். அரம் தட்டையாத்தான் ஆக்கும், குழிக்காது."

"கண்ணால பாத்தா தெரியுமா?"

"கண்ண விட வெரலுக்குத்தான் நல்லாத் தெரியும்."

அப்பா அதை வாய்க்குள் ஒருதரம் சொல்லிப் பார்த்துக்கொண்டார். பிறகு திரும்பி என்னைப் பார்த்தார், நான் கேட்டேனா என்று பார்ப்பதுபோல. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். திருட்டை மறைக்க எவ்வளவு தேய்க்க வேண்டும் என்று விசாரிக்கிறார் என்றுதான் எனக்குப் பட்டது.

அடுத்த கண்ணாடிப் பெட்டிக்குப் போனோம். நாலு பக்கமும் கண்ணாடி, சுற்றி வந்து பார்க்கலாம். ஒரு முழம் உயரத்தில் ஒரு அம்மன். செங்கல்பட்டு மாவட்டம் என்று கீழே எழுதியிருந்தது. அத்தை திட்டிக்கொண்டே குனிந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"ஏய், சுண்டுவெரல் பாருங்கடி!"

இடது கைச் சுண்டுவிரல் பாதியில் ஒடிந்திருந்தது.

"நம்ம தாயாருக்கு ஒடிஞ்ச அதே வெரல்! அதே மூஞ்சி! ஐயோ, நம்ம அம்மா இங்க இன்னா பண்ணிகினு கீது?"

அதுவரை சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த ஆண்கள் எல்லோரும் திரும்பினார்கள். சிலையின் கழுத்துக்குக் கீழே தெரியாதபடி கையைக் குறுக்கே வைத்துக்கொண்டு முகத்தை மட்டும் பார்த்தார்கள். ஆமாம் என்றார் ஒருவர். மூக்கு அப்படியே இருக்குது என்றார் இன்னொருவர். உடம்பைப் பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது, யார் பார்த்தது? பெயிண்ட் கடை அண்ணன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார்.

"ரிப்பேருக்குப் போனப்போ வெரல் இல்ல. திரும்பி வந்தப்போ வெரல் கீது. ஒட்டுன தழும்புகூட இல்ல. இங்க பாத்தா வெரல் இல்லாத சாமி நிக்குது. இன்னாபா இது?" என்றார். யாரைக் கேட்கிறார் என்று சொல்ல வேண்டியதில்லை. ஐம்பது பேரும் அப்பாவைப் பார்த்தார்கள்.

அப்பா வாயைத் திறக்கவில்லை. "இல்லை" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். முகம் சாம்பல் பூத்து, கண்ணாடிப் பெட்டியின் மூலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். மாட்டிக்கொண்டார் என்று எனக்கு முடிவாகிவிட்டது. ஆனால் மாட்டிக்கொண்டவர் என் அப்பா. பெட்டியைச் சுற்றி ஓடி அதன் பின்பக்கம் போய் நின்றேன்.

"இது நம்ம அம்மன் இல்ல" என்றேன். குரல் எனக்கே புதிதாக இருந்தது. "நான் வெளக்குப் புடிக்கப் போயிருக்கேன். துணி வெலகினப்போ என் கண்ணால பாத்திருக்கேன். நம்ம அம்மனுக்கு முதுகுல ஒரு பள்ளம் இருக்கு. ரிப்பேருக்குப் போறதுக்கு முன்னாடியும் பாத்தேன், வந்தப்புறமும் பாத்தேன். இங்க வந்து பாருங்க, இதுக்குப் பள்ளம் இருக்கா? நெஜமா சொல்றேன்."

ஒரு வரிகூட உண்மை இல்லை. நான் விளக்குப் பிடிக்க ஒருநாளும் போனதில்லை. வெள்ளிக்கிழமை மாலை எனக்கு இன்ஸ்டிட்யூட்டில் வகுப்பு. இது தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் அப்பா. இன்னொருத்தி, ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் திரைக்குள் இருக்கும் பூசாரி அக்கா. அவள் என்னைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள். எதுவும் சொல்லவில்லை. அப்பா அவளையும் பார்த்தார், என்னையும் பார்த்தார்.

கைடுதான் கூட்டத்தைக் கலைத்தார். "அம்மா, சார், இந்தச் சிலை பூமிக்கு அடியில கெடச்சு இங்க வந்தது. நான் வேலைக்குச் சேர்ந்தப்போவே இங்கதான் இருந்தது. அதுக்கு முன்னாடியும் பல வருஷமா இருக்கு. நீங்க சொல்றது அஞ்சு வருஷத்துக் கதை."

அத்தைக்கு உயிர் வந்தது. தாயார் வீட்டிலேயே இருக்கிறாள் என்று சிரித்தாள். எல்லோரும் சிரித்தார்கள். நான் அவசரப்பட்டுச் சொன்ன பொய்க்குத் தேவையே இருந்திருக்கவில்லை. ஆனால் செருப்புக் குவியலில் ஆளுக்கொரு பக்கம் ஜோடி தேடிக்கொண்டிருந்தபோது பெயிண்ட் கடை அண்ணன் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்:

"இது நம்முள்து இல்ல, சரி. நம்முள்து நம்முள்துதானான்னு யாரு சொல்றது?"

புல்தரையில் புளிசாதம் சாப்பிட்டபோது அப்பாவின் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. அத்தை மட்டும் போய் உட்கார்ந்தாள். திரும்பி வரும்போது பஸ்ஸில் பாட்டு இல்லை. கிண்டி, மீனம்பாக்கம், பல்லாவரம் என்று எல்லோரும் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தோம்.

வீட்டுக்கு வந்து, அப்பா முகம் கழுவிக்கொண்டிருந்தபோது, டிரங்குப் பெட்டியிலிருந்து அந்தக் காகிதக் கட்டை எடுத்து சமையல்கட்டு மேடை மேல் வைத்தேன்.

"என்னத்தப்பா வித்தீங்க?" என்றேன்.

அவர் கட்டைப் பார்த்தார். துண்டால் முகத்தைத் துடைத்தவர் துண்டை எடுக்கவே இல்லை. அதற்குள்ளிருந்தே பேசினார்.

"நான் விக்கலம்மா. நான் பாக்கல."

ஸ்தபதியின் பட்டறையில் வேலையை ஆரம்பிக்கத் துணியை எடுக்க வேண்டும் என்றார்களாம். அப்பா எழுந்து வெளியே வந்துவிட்டார். எப்படி நிற்பது? எட்டு நாளும் லாட்ஜில் இருந்திருக்கிறார். தினமும் இரண்டு வேளை பட்டறை வாசலில் வந்து நின்று, உள்ளே போகாமல், குரல் மட்டும் கொடுத்துவிட்டுத் திரும்பியிருக்கிறார். கடைசி நாளில் ஸ்தபதியின் மனைவி புது மஞ்சள் துணி சுற்றி அவர் கையில் கொடுத்தாள்.

"எடுத்துட்டுப் போனப்போ பூசாரியும் நானுமா ரெண்டு பேராத் தூக்கி பஸ்ஸுல ஏத்தினோம். வாங்கிட்டு வந்தப்போ நான் ஒருத்தனே தூக்கிட்டேன். பஸ்ஸுல உக்காந்தப்புறம்தான் தோணிச்சு, ஏன் இவ்ளோ லேசா இருக்கு, மாத்திக் குடுத்துட்டாங்களோன்னு. அந்த ஸ்தபதி நல்ல மனுஷன்மா. அவர இன்னான்னு சொல்றது? நாந்தான் காவலுக்குப் போனவன். கண்ண மூடிக்கினு வந்துட்டேன்."

ஐந்து வருஷமாக ஒருத்தரிடமும் சொல்லவில்லை. சொன்னால் ஊரே துணியை விலக்கிப் பார்க்கச் சொல்லும். அது இன்னொரு பாவம். அதனால் பேப்பரில் வருவதை எல்லாம் வெட்டி வைத்துப் படித்திருக்கிறார். போலியை எப்படிக் கண்டுபிடிப்பது என்று எந்தப் பேப்பரும் போடவில்லை. கடைசியில் மியூசியத்தில் கேட்கலாம் என்று தோன்றியிருக்கிறது. ஊரையே பஸ் வைத்துக் கூட்டிப் போனது என்னைக் கூட்டிப் போகத்தான்; தனியாகக் கூப்பிட்டால் எதற்கு என்று துருவிக் கேட்பேனாம். கல்யாணமாகாதவள் என்பதால் நான் திரைக்குள் போகலாம்; அப்படிப் போகக்கூடியவர்களில் அவர் நம்பிக் கேட்கக்கூடிய ஒரே ஆள் நான்தான், கைடு சொல்வதைக் காதால் கேட்டுக்கொள்ள வேண்டும்.

எனக்கு அவமானமாக இருந்தது. அதைவிட அதிகமாகச் சந்தோஷமாக இருந்தது, என் அப்பா திருடன் இல்லை. இரண்டையும் அவரிடம் சொல்லியிருக்கலாம். சொல்லாமல், "வெள்ளிக்கிழம நான் வெளக்குப் புடிக்கறேம்பா" என்றேன்.

வெள்ளிக்கிழமை வகுப்புக்கு மட்டம் போட்டேன். திரை விழுந்ததும் பூசாரி அக்கா என்னிடம் விளக்கைக் கொடுத்தாள். மியூசியத்தில் நடந்தது பற்றி ஒரு வார்த்தை இல்லை. நான் நேராகவே சொன்னேன்.

"அக்கா, துணிய எடுத்துட்டுப் பாக்கணும்."

"அது மட்டும் கேக்காத."

"அப்போ கைய வுட்டுப் பாக்கறேன்."

அவள் யோசித்தாள். விளக்கை என் கையிலிருந்து வாங்கித் தள்ளி வைத்துவிட்டு, அம்மனின் முகத்தைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டாள். நான் மஞ்சள் துணிக்கடியில் கையை நுழைத்தேன். முதுகைத் தடவினேன். பள்ளமும் இல்லை, ஒன்றும் இல்லை. எல்லா நகையும் முத்து முத்தாக விரலில் தட்டுப்பட்டது. வலது இடுப்பில் ஒட்டியாணத்தின் ஒவ்வொரு மணியையும் எண்ணலாம். இவ்வளவு கூர்மையாக இருக்கிறதே, இது புதுசுதான் என்று நினைத்துக்கொண்டே இடது இடுப்புக்குக் கையைக் கொண்டுபோனேன்.

அங்கே மணிகள் இல்லை. ஒட்டியாணம் வந்துகொண்டே இருந்து, மெதுவாகக் கரைந்து, வழவழவென்று ஒரு குழியாகிவிட்டது. என் கட்டைவிரல் அதில் போய் உட்கார்ந்தது. ஓரமே தெரியவில்லை. தட்டையாகவும் இல்லை.

"அக்கா, இங்க பள்ளம்..."

"அங்கதான முடிச்சு ஒக்காரும்" என்றாள் அவள், இதெல்லாம் ஒரு கேள்வியா என்பதுபோல. "செத்துப்போன எங்க மாமியாரு எனக்குச் சொல்லிக் குடுத்ததே அப்டித்தான். எடது இடுப்புல பள்ளம் கீது, அதுல முடிச்ச வெச்சு இறுக்குன்னாங்க."

எத்தனை தலைமுறைப் பெண்கள், எத்தனை வெள்ளிக்கிழமை, அதே இடத்தில் ஈரத்துணியை முறுக்கி இறுக்கியிருப்பார்கள்! இதை எந்தப் பட்டறையிலும் எட்டு நாளில் செய்ய முடியாது. லேசாக இருந்ததாமே! எட்டு நாள் பிரிந்திருந்துவிட்டுச் சாமியை வீட்டுக்குக் கொண்டுபோகிற அவசரத்தில் அந்த மனுஷனுக்குக் கனம் தெரிந்திருக்காது. துணிக்குள் விட்ட கையை எடுக்க மனசில்லாமல் அழுதேன்.

அப்பா படிக்குக் கீழே நிற்கவில்லை. வீட்டுக்குப் போய்விட்டிருந்தார். ஓடினேன். சமையல்கட்டு வாசலில் உட்கார்ந்திருந்தார்.

"அவதாம்பா. நம்ம அம்மனேதான். எடது இடுப்புல முடிச்சு போட்டுப் போட்டுப் பள்ளமாயிடுச்சு. கைடு சொன்ன மாதிரியே, ஓரமே தெரியல, வழுக்குது. என் வெரல் உள்ள போச்சுப்பா."

அவர் தலையை ஆட்டினார். நான் மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டே இருந்தேன். அவர் முகத்தில் நான் எதிர்பார்த்தது எதுவும் வரவில்லை. அம்மா வைத்திருந்த பித்தளைக் கரண்டி சுவரில் மாட்டியிருந்தது. காம்பில் அம்மாவின் விரல் பட்டுப் பட்டு ஒரு பக்கம் தேய்ந்து போனது. அதை எடுத்து வந்து, அப்பாவின் கட்டைவிரலைப் பிடித்து அந்தக் குழியில் வைத்து அழுத்தினேன்.

"இதே மாதிரிதாம்பா. இத விட ஆழம்."

"இது உங்கம்மா வெரல்" என்றார். கரண்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பூசாரி அக்காவக் கேளுங்க. அவங்களும் சொல்வாங்க."

"அந்தப் பொண்ணு அன்னிக்கும் ஒண்ணும் பேசலியேம்மா" என்றார். கோபமே இல்லை. என் தலையைத் தடவினார், சின்ன வயதில் காய்ச்சல் வந்தால் தடவுவாரே, அது மாதிரி. "எனக்காகத்தான் சொல்றே. தெரியுது கண்ணு."

"இல்லப்பா, இது நெஜம்."

"அன்னிக்கு மியூசியத்துலயும் நெஜம்னுதான் சொன்னே" என்றார். "அன்னிக்கும் பள்ளம்னுதாம்மா சொன்னே."